கொடுத்துவிட்ட வியாதி

என் மகளுக்கு இடது பக்கத்துக் கிட்னி சுருங்கிப்போய்விட்டது. இனி அது விரியாது. மிச்சமிருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டும். வயது இருபத்து மூன்று.

டாக்டர் கெடுத்தார். வேறு யாரும் இல்லை.

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்களா? மடியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்களே, அது வெள்ளிக் கால்தானே? விரல் நுனி தெரிகிறது. மூடுங்கள் தம்பி. பஸ்ஸில் வருகிறவன் போகிறவன் கண்ணெல்லாம் அதில் படக்கூடாது. யாருக்கு வேண்டுதல்? அம்மாவுக்கா? சர்க்கரைப் புண்ணா? சரி சரி, வாயால் சொல்ல வேண்டாம். தலையை ஆட்டினால் போதும்.

கால் வாங்குவது சுலபம். கோயில் வாசல் கடையில் தொங்கும். கண், கை, கால், தொட்டில், எல்லாம் இருக்கும். நான் போய் நின்று கிட்னி கேட்டேன். கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "வயிறு இருக்குங்க, அதைக் கொண்டுபோங்க. அதுக்குள்ளதானே அதுவும் கெடக்குது" என்கிறான். வயிற்றுவலிக்காரன் கொடுக்கிற தகட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் அம்மன் எதை எடுத்துக்கொள்ளும்? எதை விடுகிறோமோ அதைத்தான் வைக்க வேண்டும்.

ஆசாரியிடம் போனேன். "அது எப்படி இருக்கும்ணே? நான் பார்த்ததில்லையே" என்றான். கறிக்கடைக்கு நடந்தேன். ஆட்டுக் கிட்னி ஒன்றை இலையில் மடித்துக் கொண்டுவந்து அவன் பட்டறை மேல் வைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான். அச்சு அசலாக அடித்துக் கொடுத்தான். பூசாரி அதைக் கையில் வாங்கி, "என்னங்க, முந்திரிக்கொட்டையா? தோப்பு காய்க்கணும்னு வேண்டுதலா?" என்றார். அவர் காதில் சொன்னேன். அன்றைக்குச் சொன்னதுதான் கடைசி.

அப்போது தாரணிக்கு ஆறு வயது. தாரணி என் மகள்.

நான் வாய்க்கால் லஸ்கராக இருந்தவன். ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடுகிற மடை என் பொறுப்பு. தண்ணீர் எப்படி ஓடும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளைக்குச் சும்மா சும்மா காய்ச்சல். ஒன்றுக்குப் போகும்போது அலறும். திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கிட்னியிலிருந்து கீழே பைக்கு இறங்குகிற மூத்திரம் திரும்பவும் குழாயில் மேலே ஏறுகிறதாம். ஏறி ஏறிக் கிட்னியைக் கெடுக்கிறதாம். எனக்கு எதற்குப் படம்? மடைப் பலகை சரியாக உட்காராவிட்டால் வெள்ளக் காலத்தில் தண்ணீர் எதிர்த்து ஏறும். அதே கதை. "பலகையைச் சரி பண்ணுங்க" என்றேன். கத்தி வைத்துச் சரி பண்ணினார்கள்.

ஆஸ்பத்திரியில் என் தங்கச்சி கூட இருந்தாள். என் வீட்டுக்காரி சரோசா அப்போது சின்னவனை வயிற்றில் வைத்திருந்தாள், அலைய முடியாது. தங்கச்சிக்கு வேறு வேலையும் இல்லை. கட்டினவன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து என் வீட்டோடு இருக்கிறாள். சோறு போடுகிறேன், சேலை எடுத்துத் தருகிறேன். எதிர்த்து ஒரு சொல் பேசினது கிடையாது. அவள் வார்டில் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தாள். நான் ஊரில் வேண்டுதல் வேலையைப் பார்த்தேன். அதுதான் பெரிய வேலை.

எங்கள் கரைமேட்டு அம்மனிடம் ஒரு முறை உண்டு. உங்கள் கோயிலில் எப்படியோ தெரியாது. தகட்டைக் காலடியில் வைத்ததும் பூசாரி, "விட்டுட்டியா?" என்று கேட்பார். "விட்டுட்டேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் எல்லைக்கல்லைத் தாண்டிவிட வேண்டும். அதோடு சரி. அந்த வியாதியின் பேரை அந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி. அம்மன் வைத்துக்கொள்ளாது. கேட்ட வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

நாங்கள் எடுக்கவில்லை. முறை என்றால் முறை. திருச்சி டாக்டர் கொடுத்த காகிதங்களை ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காதோலை கருகமணியோடு சேர்த்து ஆற்றில் விட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார். எதைக் காட்டுவது? அதுதான் விட்டாயிற்றே. குளிக்க வைக்கும்போது பிள்ளை தழும்பைத் தொட்டு ஏதாவது கேட்டால் என் தங்கச்சி அதன் வாயைப் பொத்துவாள். நல்ல பழக்கம். பிள்ளையும் கேட்பதை விட்டுவிட்டது. வளர்ந்தது, படித்தது, கல்லு மாதிரி இருந்தது. ஒரு குறை இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? அம்மன் வைத்துக்கொண்டதா இல்லையா?

போன வருஷம் தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் போனாள். எல்கேஜி. அங்கே ஒரு சட்டம். பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு டீச்சர் வகுப்பைத் தாண்டி வரக்கூடாது. மணி அடித்தால்தான் ஒன்றுக்குப் போகலாம். மணி அடித்தால் அத்தனை டீச்சரும் ஒரே கதவு முன்னால் நிற்பார்களாம். வந்து அம்மாவிடம் குறைப்பட்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "தண்ணியை ஏன் மொண்டு மொண்டு குடிக்கிற? குடிச்சாத்தானே போகணும். குடிக்காத" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அதையும் இப்போது குற்றம் என்கிறார்கள்.

சித்திரையில் நீர்க்கடுப்பு வந்தது. வெயில் காலம், யாருக்குத்தான் வராது? உடம்புச் சூடு. கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவச் சொன்னேன். தொப்புளில் விளக்கெண்ணெய். வெந்தயம், இளநீர், மோர். விட்டுவிட்டது. அடுத்த மாசம் திரும்ப வந்தது. கூடவே காய்ச்சல். சரி, டாக்டரிடம் போவோம் என்று டவுனுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

டவுன் டாக்டரிடம் எப்போதும் கூட்டம். நமக்கு முன்னால் இருமுகிறவன், பின்னால் வாந்தி எடுக்கிறவன். உள்ளே போனதும் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எரியுதா? அடிக்கடி வருதா? முதுகு வலி உண்டா? முன்னாடி கிட்னியில ஏதாவது பிரச்சினை இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

"நீ சொல்லும்மா."

தாரணி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். "இல்ல சார்" என்றாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் படுக்கச் சொன்னார். வயசுப் பெண், அத்தனை பேர் எட்டிப் பார்க்கிற இடம். "அதெல்லாம் வேணாங்க, மாத்திரை போதும்" என்றேன்.

இதை நீங்களே சொல்லுங்கள் தம்பி. டாக்டருக்குப் படித்தவர் யார்? நானா, அவரா? இல்லை என்று சொன்னால் அப்படியே விட்டுவிடுவதா? தோண்டிக் கேட்க வேண்டாமா? நான் சொல்லாததைக் கண்டுபிடிக்கத்தானே அவ்வளவு படிப்பு? எல்லாவற்றையும் நானே சொல்வதென்றால் அவர் எதற்கு?

எரிச்சல் நின்றது. மிச்ச மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். அதுவும் சூடுதானே. ஆடியில் மறுபடி வந்தது. டாக்டர் முகத்தைச் சுளித்தார். "இப்படித் திரும்பத் திரும்ப வரக்கூடாதே. யூரினைப் புட்டியில பிடிச்சு லேப்ல கொடுங்க. என்ன கிருமின்னு பார்க்கலாம். ஒரு ஸ்கேனும் எடுத்திடலாம்" என்றார். மூத்திரப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என் மகள் கடைத்தெருவைக் கடக்க வேண்டுமாம். லேபில் உட்கார்ந்திருக்கிறவன் எங்கள் ஊர்ப் பையன். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். பெண் கேட்டு வர இருக்கிறார்கள். "போன தடவை கொடுத்ததையே கொடுங்க" என்றேன். கொடுத்தார். கொடுத்தாரே! அதைத்தான் சொல்கிறேன்.

அன்றைக்குச் சோறு போடும்போது என் தங்கச்சி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே."

"என்ன?"

"டாக்டர்கிட்டச் சொல்லிடுவோம்ணே."

"என்னத்த?"

"அதான்ணே."

"எதான்?"

குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"பேரைச் சொல்லு பார்ப்போம்" என்றேன்.

வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவளுக்கும் தெரியும், சொன்னால் என்ன ஆகும் என்று. அம்மன் மேல் என்னைவிட அவளுக்குப் பயம் அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படி. கோயில் மணிச் சத்தம் கேட்டால் வாயில் இருக்கிற சோற்றை மெல்லாமல் நிறுத்துவாள். "மோரை ஊத்து" என்றேன். ஊற்றினாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆவணியில் ஒரு நாள், மத்தியான வேளை. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேர் ஆட்டோவில் தாரணியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். நடுக்கம் என்றால் அப்படி ஒரு நடுக்கம். கட்டிலே ஆடியது. இருக்கிற போர்வையெல்லாம் போட்டோம். நெற்றியில் கை வைக்க முடியவில்லை, கொதிக்கிறது. "குளிர்காய்ச்சல். நிலவேம்பு போடு" என்றேன் சரோசாவிடம். என் தங்கச்சி பிள்ளையைப் புரட்டி முதுகில் இடது பக்கம் விலாவுக்குக் கீழே லேசாகக் கை வைத்தாள். தாரணி போட்ட சத்தத்தில் கொல்லையில் இருந்த கோழி சிதறி ஓடியது.

தங்கச்சி எழுந்தாள். செருப்புக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. பிள்ளை துடிக்கிற நேரத்தில் இவள் எங்கே போகிறாள் என்று எனக்கு ஆத்திரம்.

சரோசா கஷாயம் போடவில்லை. முதல் தடவையாக அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள். "ஆட்டோவ அனுப்பிடாதீங்க!" அதே ஆட்டோவில் டவுனுக்குப் போனோம்.

டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். பேனாவைத் தூக்கினவர் எழுதாமல் என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, கடைசியாக் கேக்கிறேன். சின்ன வயசுல இந்தப் பொண்ணுக்கு ஏதாவது..."

"எத்தனை தடவைங்க சொல்றது? ஒண்ணும் கிடையாது."

தாரணிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. அவள் என்ன சொல்வாள்? சரோசா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் வெளியே ஒரே கூச்சல். "டோக்கன் இல்லாம எங்கம்மா போற?" என்று எவனோ கத்துகிறான். கதவைத் தள்ளிக்கொண்டு என் தங்கச்சி உள்ளே வருகிறாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. தலைமுடி விரிந்து சொட்டுகிறது. நெற்றி முழுக்க விபூதி. எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை.

"டாக்டரு, இந்தப் புள்ளைக்குக் கிட்னியில ஆபரேசன் பண்ணியிருக்கு. ஆறு வயசுல. திருச்சியில. மூத்திரம் மேல ஏறுதுன்னு தைச்சாங்க. நான்தான் கூடக் கெடந்தேன். இடுப்பப் பாருங்க."

சொல்லிவிட்டாள். பேரைச் சொல்லிவிட்டாள். அத்தனை ஜனம் கதவோரம் நின்று கேட்கிறது.

நர்ஸ் துணியை விலக்கினாள். டாக்டர் தழும்பைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இந்தப் பொண்ணுக்கு யாரு?"

"அப்பா."

"நிசமாவா?"

பார்த்தீர்களா? இந்த வயதில் இப்படி ஒரு கேள்வி கேட்க வைத்தாள். என் உப்பைத் தின்று வளர்ந்தவள். என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாமே? சொன்னாள், சரி. அது சொன்னதாகுமா? வற்புறுத்திச் சொல்லியிருக்க வேண்டும். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதால் யாருக்குப் புரியும்?

டாக்டர் அப்புறம் போனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி. கிட்னியில் சீழ் கோத்துவிட்டது என்றார்கள். விலாவில் துளை போட்டுக் குழாய் வைத்து இறக்கினார்கள். ரத்தத்திலும் கலந்துவிட்டதாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், என்று ஆரம்பித்த பெரிய டாக்டரம்மா முடிக்கவில்லை. முடிக்க வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். அந்த அம்மாவும் என்னை நிற்கவைத்துப் பாடம் நடத்தினாள். "சின்ன வயசுல கிட்னித் தொந்தரவு இருந்தவங்க வளர்ந்த பிறகு யூரின்ல ஒரு எரிச்சல் வந்தாக்கூட, டாக்டர்கிட்ட மொத வார்த்தையா அதைத்தான் சொல்லணும். சொல்லியிருந்தா மருந்தே வேற மாதிரி, எத்தனை நாள் சாப்பிடணும்கிறதே வேற மாதிரி. மத்தவங்களுக்கு வர்ற நீர்க்கடுப்பும் உங்க பொண்ணுக்கு வர்றதும் ஒண்ணு கெடையாது." நான் லஸ்கர் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஒரு தடவை பழுதான மடையை ஒவ்வொரு வெள்ளத்துக்கும் போய்ப் பார்க்க வேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரியும். மடைக்கு அம்மன் பொறுப்பு ஏற்கவில்லை. இதற்கு ஏற்றுக்கொண்டது. வித்தியாசம் இருக்கிறதல்லவா?

என் தங்கச்சி அன்றைக்கு எங்கே போனாள் என்று பூசாரி சொல்லித்தான் தெரிந்தது. வாய்க்காலில் முழுகிவிட்டு ஈரத்தோடு அம்மன் முன்னால் போய் நின்றிருக்கிறாள். "எங்கண்ணன் விட்டதை எங்கிட்டக் குடு. நான் எடுத்துக்கறேன். புள்ளகிட்டப் போகாத" என்றாளாம். பூசாரி பதறி, "அப்படி ஒரு வழக்கம் இல்ல தாயி" என்றிருக்கிறார். "இன்னையிலேருந்து இருக்கட்டும்" என்று விபூதியைத் தானே அள்ளிப் பூசிக்கொண்டு வந்துவிட்டாள். எவ்வளவு திமிர்!

தாரணி பிழைத்து எழுந்தாள். கிட்னி போனது போனதுதான். அம்மன்தான் காப்பாற்றியது என்றேன். "அம்மன் இல்லப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பேச்சை வளர்க்கவில்லை. அதிகம் பேசுவது என் வழக்கம் இல்லை.

தங்கச்சியோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவள் வீட்டில்தான் இருக்கிறாள். அவள்தான் சமைக்கிறாள், நான் சாப்பிடுகிறேன். பேச்சு கிடையாது. உப்பு வேண்டுமென்றால் சரோசாவிடம் கேட்பேன். சரோசா அவளிடம் கேட்பாள். அவள் உப்பை என் முன்னால் வைப்பாள்.

ஆனால் ஒன்று பார்க்கிறேன். அவளுக்கு இன்னும் எதுவும் வரவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டாளே, வர வேண்டுமல்லவா? அவள் தண்ணீர் எடுத்துவரும்போது இடுப்பைப் பிடிக்கிறாளா என்று பார்ப்பேன். பிடிப்பதில்லை. கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்தால் முகத்தைப் பார்ப்பேன். சாதாரணமாக இருக்கும். தை மாசம் ஒரு நாள் உடம்பு சுடுகிறது என்று படுத்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சளிக் காய்ச்சல்தான், மறுநாள் எழுந்து வாசல் தெளித்தாள். எனக்கு என்னவோ நாள் முழுக்க எரிச்சலாகவே இருந்தது. யாரைப் பார்த்தாலும் கோபம்.

உங்கள் அம்மாவுக்காகக் காலைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு வீட்டில் சர்க்கரை என்கிற பேச்சையே... சரி. அது உங்கள் பாடு. உங்கள் கோயில் முறை எப்படியோ. டாக்டர் கேட்டால் என்ன சொல்வதென்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.

நான் இறங்குகிற இடம் வந்துவிட்டது. இன்றைக்குத் தாரணிக்கு ஸ்கேன். அவளும் தங்கச்சியும் முந்தின பஸ்ஸில் போனார்கள். நான் இதில் வருகிறேன். ஒரே பஸ்ஸில் பேசாமல் உட்கார்ந்து வர முடியுமா? இந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் புது டாக்டர். ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்பார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளேயிருந்து கேட்கும். ஆறு வயதில் ஆரம்பித்து ஒன்று விடாமல், கூசாமல், சத்தமாக எல்லாவற்றையும் சொல்வாள். தாரணி இல்லை. தாரணி இன்னமும் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள்.

அதோ ஸ்டாப்பில் நிற்கிறார்கள் பாருங்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் என்ன? நான் வருகிற வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டுமென்று யார் அழுதார்கள்? பச்சைச் சுடிதார் போட்டிருக்கிறவள் என் மகள். பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, குடி குடி என்று அவள் உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். கொஞ்சம் காலை மடக்குங்கள், நான் இறங்க வேண்டும். பேரா? பேர் எதற்கு உங்களுக்கு?

மருதாம்பாள்.